ஆறாவது வித்தியாசம்

பெம்பினா நெடுஞ்சாலைக் கடையின் முற்றத்தில்
பனி வழித்த தரையில்
பக்கம் பக்கமாய் நிற்கின்றன இரண்டும்.
ஒன்று சாம்பல்.
மற்றது, 'மழைமேகம்' என்று விலைச்சீட்டில் எழுதிய
அதே சாம்பல்.

வார இதழின் கடைசிப் பக்கத்தில்
ஆறு வித்தியாசம் தேடுகிறவர் மாதிரி
பகீரதன் சுற்றிச் சுற்றி வருகிறார்.
பழையதன் கியர்ப்பெட்டி கார்த்திகையில் கைவிட்டதிலிருந்து
அவர் கணினியில் ஓர் அட்டவணை வளர்கிறது.
பதினேழு வரிசை.
சின்னதற்குப் பச்சை, பெரியதற்கு மஞ்சள்.
நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர்,
கதிரை சூடாக எத்தனை விநாடி,
மடித்தால் எத்தனை அரிசி மூட்டை.
கூட்டிப் பார்த்தால்
எண்பத்தொன்றுக்கு எண்பத்திரண்டு.
எதற்கு எண்பத்திரண்டு என்பது மட்டும்
இரவுக்கு இரவு மாறும்.

நீளத்தில் ஆறு அங்குலம்.
உயரத்தில் ஒரு சுண்டுவிரல்.
மாதத் தவணையில் அறுபத்தெட்டு டொலர்.
பின்கதவு ஒன்றுக்குக் கையால், மற்றதற்குக் காலால்.
பெரியதில் மூன்றாம் வரிசை என்று ஒன்றிருக்கிறது;
அதில் உட்கார, முழங்கால்களைக் கழற்றி
வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும்.
ஐந்துதான்.
ஆறாவதற்காக அவர் குனிந்து
வண்டியின் அடிவயிற்றைப் பார்க்கிறார்.

"ஆரார் வருவினம் உங்களோட?"
மைனஸ் இருபத்தெட்டில் தொப்பியில்லாமல்
ரோடெல் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்.
நாங்கள் இருவர்.
கல்கரிக்கு வேலைக்குப் போன ஒருத்தி.
வருடத்துக்கொருமுறை விமான நிலையத்தில் மூன்று பெட்டி.
அப்படியென்றால் சின்னது காணும் என்கிறான்.
பெரியதும் காணும் என்கிறான்.
அவனுக்கும் வீட்டு வாடகை இருக்கும்.

ஓட்டப்போவது நான் என்பது
பதினேழில் எந்த வரிசையிலும் இல்லை.

காலை ஏழுக்குத் திருமதி ஃப்ரீசன்: குளிப்பு, இறுக்கக் காலுறை.
ஒன்பதரைக்குக் கொவால்சுக்: குளிசை, கஞ்சி, வசவு.
பதினொன்றுக்கு ஆற்றுக்கு அப்பால் ஒருவர்,
பெயர் மறந்துபோனவர்.
என் பெயரை அல்ல, தன் பெயரை.
அவர் வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் நடுவே
இருபத்தைந்து நிமிடம்.

அதுதான் என் வீடு.
மடியில் சோற்றுப்பெட்டி,
கண்ணாடியெல்லாம் என் மூச்சு,
யாரையும் தூக்காத என் இரண்டு கைகள்.
பழைய வண்டிக்குள் பதினொரு வருடம்
தூங்கியிருக்கிறேன், அழுதிருக்கிறேன்,
ஒருமுறை வெண்டிக்காய் நன்றாக வந்துவிட்டதென்று
தனியே சத்தமாகச் சிரித்துமிருக்கிறேன்.
இதையெல்லாம் எந்த நிறத்தால் நிரப்புவது?

அதனால்
சின்னதில் ஏறி உட்கார்ந்து
இருவரையும் வெளியே நிற்கச் சொன்னேன்.
கதவைச் சாத்தினேன்.
தலையணையில் தலை விழுந்த ஓசை.
பிறகு ஒன்றுமில்லை.
கண்ணாடிக்கு அப்பால் பகீரதனின் வாய் அசைந்தது,
கை அசைந்தது,
ஒரு சொல்லும் உள்ளே வரவில்லை.
இருபத்தாறு வருடத்தில் அவர்
இவ்வளவு அழகாகப் பேசியதேயில்லை.

பெரியதில் ஏறினேன்.
கதவு மூடிய பின்னும் ஏதோ மூலையில்
கோப்பைக்குள் தேக்கரண்டி கிணுங்கியது.
நெடுஞ்சாலையில் போன லொறியெல்லாம்
என் மடிக்கு வந்துவிட்டுப் போயிற்று.

இறங்கினேன். பேனாவோடு நிற்கிறார்.
"எது?"
"சின்னது."
"ஏனெண்டு எழுதுறது?"

"மற்றது கராஜுக்குள்ள போகாது எண்டு எழுதுங்கோ."

போகும்.
நாலு அங்குலம் மிச்சம் வைத்துப் போகும்.
ஞாயிற்றுக்கிழமை சப்பாத்துக்கூடப் போடாமல்
அவரேதான் நாடா பிடித்து இரண்டுமுறை அளந்தார்.

என்னை ஒருகணம் பார்த்தார்.
கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டு,
உறைந்த பேனாவை உதறி உதறி,
போகாது
என்று எழுதினார்.